சுங்கை சிப்புட்டின் டீசல் பம்ப் கடை: லோரி வைத்திருப்பவர்களுக்காக ஒரு மதிப்பீடு

இந்த மதிப்பீடு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரத்தில் டீசல் பம்ப் வேலை, அதாவது இயந்திரத்துக்கு டீசலை ஊட்டும் பம்பைப் பழுது பார்க்கும் வேலை, மட்டுமே பார்க்கும் ஒரு சிறிய பட்டறையைப் பற்றியது. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் லிந்தாங், லாசா பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் எந்த லோரிக்காரரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார். எங்கள் பழைய ஃபூசோ லோரியின் பம்ப் இங்கேதான் பிரிக்கப்பட்டு, உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு ப்ளஞ்சர்களும் மாற்றப்பட்டு, அளவு பார்த்துத் திரும்பத் தரப்பட்டது. அதன் பிறகு குலை மிகுதியாக விழும் பருவம் முழுவதும் அந்த லோரி ஓடி முடித்த பின்னரே இதை எழுதுகிறேன். பம்ப் வேலையைப் பொறுத்தவரை, வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்த முதல் வாரத்து மகிழ்ச்சியை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமாகாது.

லோரியில் இருப்பது 6டி16 இயந்திரம்; 7,545 சிசி, ஆறு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாதது. கணினியோ உணரியோ இல்லாத, எல்லாம் இரும்பாலேயே நடக்கும் வரிசைப் பம்ப்தான் அதற்கு டீசல் ஊட்டுகிறது. இந்தப் பம்ப் தேய்ந்தபோது அது காட்டிய அறிகுறி பலரையும் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, லோரி எந்தத் தொல்லையும் இல்லாமல் கிளம்பிவிடும். ஆனால் செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் எடை மேடைக்குக் காத்திருக்கும் வரிசையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்னால் நின்ற வண்டி நகர்ந்ததும் மீண்டும் கிளப்பப் பார்த்தால், ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இயந்திரம் பற்றாது. சூடு ஆறும்வரை காத்திருந்தால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். பேட்டரியை மாற்று, ஸ்டார்ட்டரை மாற்று என்று சொன்ன போர்மேன்கள் (வண்டி மெக்கானிக்குகள்) உண்டு. இரண்டிலும் குறையில்லை என்பது சோதித்ததும் தெரிந்துவிட்டது. இத்துடன், சுமையோடு மேடு ஏறும்போது இழுவை குறைந்து கரும்புகை தள்ளியது. எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி இயந்திர எண்ணெயில் இருந்தது: அளவுக்கோலை உருவிப் பார்த்தால், குறைய வேண்டிய எண்ணெய் ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தது.

பம்ப் கடைக்காரர் இந்த மூன்றையும் கேட்டவுடன், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, ப்ளஞ்சர் தேய்மானம் என்று சொன்னார். ஆனாலும் அளந்து பார்க்காமல் விலை சொல்ல மறுத்தார். அவர் கொடுத்த விளக்கம் தெளிவாக இருந்தது. ப்ளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் மட்டுமே. மனித முடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு கூட வராது. அந்த இடைவெளியை அடைத்து நிற்பதற்கு ரப்பரோ வளையமோ கிடையாது, இரும்பின் துல்லியம் மட்டுமே அங்கே காவல். தேய்மானத்தால் இடைவெளி கூடிவிட்டால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அந்தச் சந்து வழியே நழுவிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது நழுவுவதற்கு நேரமும் அதிகம் கிடைப்பதால், இயந்திரத்துக்குள் டீசலைத் தூவும் நோசலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழுவதில்லை. குளிர்ந்த டீசல் கெட்டியாக இருப்பதால் காலையில் மட்டும் வண்டி கிளம்புகிறது. நழுவிய டீசல் எங்கே போகும்? பம்பின் அடியிலுள்ள கேம்ஷாஃப்ட் (ப்ளஞ்சர்களைத் தள்ளும் மேடுகள் கொண்ட தண்டு) அறைக்கு எண்ணெய் இயந்திரத்திலிருந்தே வருவதால், அது நேராக இயந்திர எண்ணெயில்தான் போய்ச் சேரும். அப்படி நீர்த்துப்போன எண்ணெயோடு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால், பம்பில் தொடங்கிய செலவு பேரிங் வரைக்கும் போய்விடும். எண்ணெய் அளவு ஏறுவதைக் கண்டவர்கள் அடுத்த நடைக்கு வண்டியை அனுப்பக் கூடாது என்று இதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்த வகைப் பம்பை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1927 இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கேம் எப்போதும் ஒரே உயரத்துக்கு ப்ளஞ்சரைத் தள்ளுகிறது. ப்ளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக வெட்டப்பட்ட பள்ளத்தை ரேக் என்ற பற்சட்டம் திருப்பும்போது, எவ்வளவு டீசல் நோசலுக்குப் போக வேண்டும், எந்தப் புள்ளியில் மீதி திரும்பி வழிய வேண்டும் என்பது முடிவாகிறது. ரேக்கை, இயந்திர வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இழுத்துப் பிடிக்கிறது. இவ்வளவு எளிய அமைப்பு என்பதாலேயே இதை யாரும் பிரித்துப் பூட்டலாம் என்று சில பட்டறைகள் நினைக்கின்றன. அந்த நினைப்பால் கெட்டுப்போன பம்புகள் ஏராளம்.

இந்தக் கடையை நான் பாராட்டுவதற்கான முதல் காரணம், அங்கே உள்ள சோதனை மேடையும் அதை அவர்கள் பயன்படுத்தும் முறையும்தான். மேடை ஹார்ட்ரிட்ஜ் என்ற நிறுவனத்தின் பழைய தயாரிப்பு. நிறம் மங்கியிருந்தாலும் பராமரிப்பு நன்றாக இருக்கிறது. பம்பைப் பிரிப்பதற்கு முன்பே, வந்த நிலையிலேயே மேடையில் ஏற்றி ஓட்டினார்கள். டீசலுக்குப் பதிலாக அளவீட்டுக்கென்றே தயாரிக்கப்படும் சோதனை எண்ணெயை, குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுவந்து பயன்படுத்துகிறார்கள். எண்ணெயின் சூடு மாறினால் அளவும் மாறிவிடும் என்பதால் இது வெறும் சடங்கு அல்ல. ஆறு கண்ணாடிக் குழாய்களில் ஆயிரம் அடிப்புக்கு எவ்வளவு எண்ணெய் விழுகிறது என்பதை என் கண் முன்னாலேயே காட்டினார்கள். நான்கு குழாய்கள் ஒன்றுக்கொன்று அருகருகே நின்றன. மூன்றாவதும் ஐந்தாவதும் கண்ணுக்கே தெரியும்படி தாழ்ந்திருந்தன. பிறகு ஸ்டார்ட்டர் சுற்றும் அளவுக்கு வேகத்தைக் குறைத்தபோது, அந்த இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுமே விழவில்லை. முழுச் சுமையில் ஆறு குழாய்களுக்கும் இடையே இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். வேலை முடிந்த பிறகு எடுத்த அளவுகளையும் அதே தாளில் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் லோரியின் கோப்பில் இருக்கிறது. பழுதுக்கு முன்னும் பின்னும் அளவைத் தாளில் எழுதித் தராத எந்தப் பம்ப் கடைக்கும் பணம் கொடுப்பது சரியல்ல என்பதே, இந்த அனுபவத்துக்குப் பிறகு, நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

இரண்டாவது காரணம், பழுதை நீக்கியதோடு நிற்காமல் அது வந்த வழியைத் தேடியதுதான். பிரித்தெடுத்த ப்ளஞ்சர்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். சாய்வு வெட்டின் ஓரத்தில் மெல்லிய கீறல்களும், இரண்டில் பழுப்புக் கறையும் இருந்தன. கீறல் தூசியால் வந்தது, கறை தண்ணீரால் வந்தது என்று பிரித்துச் சொன்னவர், அடுத்து கேட்டது பம்பைப் பற்றிய கேள்வியே அல்ல. டீசல் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். நகரத்தில் இருக்கும்போது நிலையத்தில் பிடிப்பதும், உள்ளே சிறு தோட்டங்களில் நாள் முழுவதும் ஏற்றும்போது அங்கேயே டிரம்மிலிருந்து ஊற்றுவதும் எங்கள் பக்கத்து எல்லா லோரிகளுக்கும் பொதுவான பழக்கம்.

டிரம் விவகாரம் இந்த மண்ணுக்கே உரிய ஒன்று. திறந்த வெளியில் நிமிர்த்தி வைக்கப்பட்ட டிரம், பகல் வெயிலில் சூடேறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. மாலையில் மழை பெய்து குளிர்ந்ததும், மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும் தண்ணீரை மூடியின் மரை வழியாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினாலும் இது நடக்கிறது. டிரம்மைக் கூரையின் கீழ் வைப்பது, அதற்கு வழியில்லை என்றால் இரண்டு மூடிகளும் எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கும்படி படுக்கவைப்பது, அடியில் இருப்பதை உறிஞ்சாமல் ஒரு சாண் மேலிருந்து எடுப்பது என்று அவர் சொன்ன எதற்கும் பணச் செலவு கிடையாது. மலேசியாவில் சாலை வாகனங்களுக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலப்பது 2019 பிப்ரவரியில் கட்டாயமானது. பயோடீசலுக்கு உராய்வைக் குறைக்கும் குணம் உண்டு என்பதால் அது பம்புக்கு எதிரி அல்ல. ஆனால் தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மை அதற்குக் கூடுதல். நீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ப் பாசிக்கும் அது வசதியாகிவிடுகிறது. நாம் பறித்து ஏற்றும் குலையிலிருந்து வரும் எண்ணெயே நம் லோரிக்கு எரிபொருளாகவும் திரும்பி வருகிறது. அதைச் சேமிக்கும் முறையில்தான் கவனம் தேவை.

லோரியின் டேங்கிலிருந்து அடியில் வடித்த டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் சற்று நேரம் வைத்தபோது, கீழே கலங்கலாக ஒரு படலம் தெளிவாகப் பிரிந்து நின்றது. கடைக்காரர் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன்: “டேங்கைக் கழுவாம இந்தப் பம்பை ஏத்தாதீங்க அண்ணே. ஏத்தினா பம்ப் திரும்ப என்கிட்டதான் வரும், அப்ப நான் வாரண்டி பேச மாட்டேன்.” டேங்க் இறக்கிக் கழுவப்பட்டு, ஃபில்டர்கள் மாற்றப்பட்டு, ஃபீட் பம்பின் வலைச் சல்லடை சுத்தம் செய்யப்பட்டு, இவற்றின் படத்தைத் தொலைபேசியில் அனுப்பிய பிறகே பம்பைக் கையில் கொடுத்தார். இந்தப் பிடிவாதம் சிலருக்கு எரிச்சல் தரும். எனக்கு நம்பிக்கை தந்தது.

இனி, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி. ஹாஃப்-கட் கடையில் (வெளிநாட்டுப் பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) கிடைக்கும் பழைய ஜப்பான் பம்ப் மலிவு, அன்றைக்கே கிடைக்கும், லோரியும் மறுநாள் ஓடும். அந்தக் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பம்ப் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அதை விற்பவருக்கும் தெரியாது. அதோடு, வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருந்தாலும், டர்போ உள்ள இயந்திரத்தின் பம்பும் டர்போ இல்லாததன் பம்பும் ஒரே அளவு டீசலை ஊட்டுவதில்லை. மாற்றிப் பொருத்தினால் கரும்புகையும், பிஸ்டனுக்குத் தேவையற்ற சூடும்தான் மிஞ்சும். அப்படி வாங்கியே ஆக வேண்டும் என்றால், பம்பின் தகட்டில் உள்ள எண்ணை உங்கள் பழைய பம்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கி, வண்டியில் ஏற்றும் முன் சோதனை மேடையில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். பம்பின் உடல் வெடித்திருந்தாலோ, கேம்ஷாஃப்ட்டின் மேடு உரிந்திருந்தாலோ, ரேக் நகரும் துளை தளர்ந்திருந்தாலோ, முழுப் பம்பையும் மாற்றுவதே அறிவு. உள்ளே என்ன போட்டாலும் அளவு நிற்காது. எங்கள் பம்பில் இவை மூன்றும் நல்ல நிலையில் இருந்ததால் ஆறு ப்ளஞ்சர், ஆறு டெலிவரி வால்வு, கேம்ஷாஃப்ட் பேரிங், சீல்கள் என்று மாற்றினால் போதும் என்று முடிவானது. கெட்ட இரண்டு ப்ளஞ்சரை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாமே என்று கேட்டேன். புதியதும் பழையதும் கலந்தால் ஒரு வேகத்தில் சமமாக்கிய அளவு இன்னொரு வேகத்தில் பிரிந்துவிடும் என்றார். சோதனைத் தாளில் மூன்று வேகங்களுக்கான எண்கள் இருப்பதைப் பார்த்தபோது அந்தப் பதிலின் பொருத்தம் விளங்கியது.

நோசல்களையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்கிறார்கள். இதை விற்பனைத் தந்திரம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், அது சரியல்ல. நோசல் திறக்கும் அழுத்தமே ஏறத்தாழ இருநூறு பார்; சொட்டும் நோசலோ, அழுத்தம் இறங்கிய நோசலோ இருந்தால், எவ்வளவு துல்லியமான பம்பும் கரும்புகைதான் தரும். எங்கள் ஆறில் இரண்டுக்கு மட்டுமே புது முனை தேவைப்பட்டது. மற்ற நான்கையும் சுத்தம் செய்து அழுத்தத்தைச் சரிசெய்து, அந்த வேலைக்கான கூலி மட்டும் வாங்கினார்கள். தேவையில்லாததை விற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அளவு வைத்து முடித்ததும், டீசலின் உச்ச அளவைத் தீர்மானிக்கும் கவர்னரின் முழுச் சுமைத் திருகுக்குக் கம்பி கோத்து ஈய முத்திரை வைக்கிறார்கள். மேட்டில் இழுவை வேண்டும் என்பதற்காக இந்தத் திருகைத் திருப்பிவிடும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் நெடுநாளாக உண்டு. அப்படிக் கூடுதலாக ஊட்டிய டீசல் முழுதாக எரிவதில்லை. புகையாகப் போகிறது, இயந்திரத்தையும் சூடாக்குகிறது. 1996 இல் வந்த டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி புகையின் அடர்த்தி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டிய வணிக வாகனம் இந்தப் புகைச் சோதனையிலும் தேற வேண்டும். எங்கள் லோரி இம்முறை எந்த மருந்தும் ஊற்றாமல், எந்தத் திருகும் தொடாமல் தேறியது.

இந்தக் கடை பம்பை மட்டுமே பார்க்கும். இயந்திரத்தில் ஏற்றித் தருவது நம் போர்மேனின் பொறுப்பு. இதில் கவனம் தவறினால் செய்த செலவு வீண். முதல் சிலிண்டர் அமுக்க நிலையின் உச்சிக்கு அருகில், குறியிட்ட கோணத்தில் நிற்கும்போது பம்பின் குறியும் சரியாக வந்து நிற்க வேண்டும். டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) முந்தினால் இயந்திரம் தட்டும், பிந்தினால் வெண்புகையும் இழுவைக் குறைவும் வரும். கடைக்காரர் தன் உதவியாளரை அனுப்பி, முதல் குழாயில் டீசல் வழிவது நிற்கும் புள்ளியை வைத்து டைமிங்கைச் சரிபார்த்துக் கொடுத்தது நான் எதிர்பாராத உதவி; அதற்கு அவர் தனிக் கட்டணம் வாங்கவில்லை. பிறகு கைப் பம்பால் காற்றை வெளியேற்றிக் கிளப்பினார்கள். ஓடும் இயந்திரத்தில் கசிவு இருக்கிறதா என்று குழாயை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அந்த உதவியாளர் கடுமையாகத் தடுத்தார். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே சரியான முறை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காத்திருப்பு நீளமானது; பழைய இயந்திரங்களுக்கான ப்ளஞ்சர்கள் கடையில் எப்போதும் இருப்பதில்லை, வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தாமாக அழைத்துச் சொல்லும் வழக்கம் இல்லை. நாமே கேட்க வேண்டும். ஒரே ஒரு லோரியை நம்பிப் பிழைப்பவருக்கு இது பெரிய கஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கு, சோதித்து வைத்த மாற்றுப் பம்ப் ஒன்றை இடைக்காலத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று கடைக்காரரிடமே சொன்னேன், யோசிக்கிறேன் என்றார். ரசீதில் பாகங்களின் விலையும் கூலியும் தனித்தனியாக இல்லாமல் ஒரே தொகையாக இருந்தது. கேட்ட பிறகே பிரித்து எழுதிக் கொடுத்தார்.

மேலும், காமன் ரெயில் வண்டிகளை (எல்லா நோசல்களுக்கும் பொதுவான ஓர் உயரழுத்தக் குழாயிலிருந்து, கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் போகும் முறை உள்ளவை) இந்தக் கடை ஏற்பதில்லை. 1995 இல் ஹினோ லோரியில் டென்சோ முதன்முதலாகக் கொண்டுவந்த அந்த முறையே இன்று புதிய டீசல் லோரிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதற்குத் தூசியில்லாத அறையும் வேறு வகை மேடையும் வேண்டும். இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஏற்காமல், ஈப்போவுக்கு அனுப்பிவிடுவது நேர்மையான செயல். அனுப்பும்போதும் ஒரு நல்ல ஆலோசனை சொல்கிறார்: டென்சோ பம்புள்ள வண்டி விட்டுவிட்டு இழுத்தாலோ நின்றுபோனாலோ, முழுப் பம்பையும் மாற்றச் சம்மதிக்கும் முன், பம்பில் தனியாகக் கழற்றக்கூடிய உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள், பல நேரங்களில் குற்றம் அதில் மட்டுமே இருக்கும்.

செலவு, நோசல் வேலையும் சேர்த்து, மூவாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஹாஃப்-கட் பம்பைவிட இது அதிகம்தான். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு, புகையாக வெளியே போகும் டீசலையும் பழுதின் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் லோரி இப்போது ஆலை வரிசையில் நிறுத்தினாலும் ஒரே சுற்றில் கிளம்புகிறது, இயந்திர எண்ணெய் ஏறுவதில்லை, அதே வழிக்கு எரியும் டீசலும் குறைந்திருக்கிறது.

இந்தக் கடைக்குப் போக நினைப்பவர்கள் நோசல்கள், பம்பின் தகட்டு எண், டேங்கின் அடியிலிருந்து வடித்த டீசல் ஒரு புட்டி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் ஒரு நாள் மிச்சமாகும். அவசரப் பழுதாக இல்லாவிட்டால், குலை குறையும் பிப்ரவரியை ஒட்டி முன்கூட்டியே இடம் சொல்லிவைப்பது நல்லது. எங்கள் இன்னொரு லோரியின் பம்பை அந்த நேரத்தில்தான் இங்கே இறக்கப் போகிறோம்.